ரெண்டு சைஸ் பெருசா வாங்கினால் ஐஸில் என்ன ஆகும்?

அக்கா மகளுக்குப் பதினொரு வயது. கோவையில் இரண்டு வருடமாக ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். போன கோடை விடுமுறையில் வெளியூர் மால் ஒன்றில் இருந்த ஐஸ் தளத்தில் அரை மணி நேரம் இறங்கினாள். அன்றிலிருந்து ஐஸில் சுழன்று ஆடுவதற்கான ஃபிகர் ஸ்கேட் வேண்டும் என்று ஒரே பாட்டு. நாங்கள் விலையைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தபோது, என் அம்மா, அதாவது அவளுடைய அமுச்சி, தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"வளர்ற புள்ளைக்கு எதுக்குடா அளவெடுத்து வாங்கோணும்? ரெண்டு சைஸ் பெருசா வாங்கிப்போடு. முன்னால கொஞ்சம் பனியன் வேஸ்ட்ட வெச்சு அடைச்சா ரெண்டு வருசம் ஓடும்."

பள்ளிக்கூட ஷூவுக்கு இது நியாயமான யோசனைதான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இவளுடைய ரோலர் ஸ்கேட்டையும் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஐஸ் ஸ்கேட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏன் உதவாது என்பதற்கு விடை காலை நுழைக்கிற பூட் (boot) பகுதிக்குள்ளே இல்லை. அதன் அடியில் இருக்கிறது.

ரோலர் ஸ்கேட்டின் நான்கு சக்கரங்களும் சேர்ந்து ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தரையைப் பிடித்துக்கொள்கின்றன. கால் உள்ளே கொஞ்சம் ஆடினாலும் உடம்பின் எடை அந்த அகலத்துக்குள்ளேயே விழும். ஃபிகர் ஸ்கேட்டின் பிளேடோ ஏறக்குறைய 4 மி.மீ. தடிமன்தான். பிளேடின் அடிப்பக்கத்திலிருந்து கணுக்கால் எலும்பு வரை சுமார் 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட் தளர்வாக இருந்து கணுக்கால் பக்கவாட்டில் ஒரே ஒரு செ.மீ. நகர்ந்தால் போதும், எடை விழும் கோடு அந்த 4 மி.மீ.யை விட்டு வெளியே போய்விடும். சாய்வாகச் சொன்னால் கிட்டத்தட்ட 4 டிகிரி.

அதைவிட மோசம், அந்தச் சாய்வு சீராக வருவதில்லை. பம்புசெட்டில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் தேய்ந்துபோனால் மோட்டார் சுற்ற ஆரம்பித்த பிறகும் பம்பு ஒரு கணம் சும்மா நின்று, அப்புறம் 'டக்'கென்று வெட்டி இழுக்குமே, அதுதான் இங்கேயும். கால் சாய்கிறது, பூட் சாய்வதில்லை. இடையில் இருக்கும் ஆட்டம் தீர்ந்ததும் பூட் ஒரேயடியாகக் கவிழ்கிறது. குழந்தை என்ன செய்யும்? விழாமல் இருக்க விரல்களைச் சுருட்டிப் பூட்டின் அடியைப் பற்றிக்கொள்ளும், முட்டியை விறைப்பாக்கும். பார்க்கிற நாமோ "கணுக்கால்ல பலமே இல்லை" என்று சொல்லிவிடுவோம். தொடக்க நிலையில் உள்ளே வளைந்து நிற்கிற கணுக்கால்களில் பெரும்பாலானவை பலவீனமானவை அல்ல, தளர்ந்த பூட்டுக்குள் இருப்பவைதான்.

நம் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. ஒரு பார்லி மணியின் நீளம் என்று இங்கிலாந்தில் பழங்காலத்தில் வைத்த கணக்கு இன்னும் நம் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அமுச்சியின் இரண்டு சைஸ் என்பது 17 மி.மீ. முன்னால் துணியை அடைத்தால் கால் முன்னே சறுக்குவது நிற்கும். குதிகால் மேலே எழும்புவதும், கணுக்கால் பக்கத்தில் ஆடுவதும் நிற்காது. பிடிப்பு வேண்டிய இடம் குதிகால், அடைக்கிற இடம் விரல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிளேடைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் அடி நேர்கோடு இல்லை, ஏறக்குறைய 2 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரமுள்ள வட்டத்தின் சிறு துண்டு. எந்த நேரத்திலும் சில செ.மீ. நீளம்தான் ஐஸைத் தொடும். திரும்புவது, சுற்றுவது எல்லாம் பாதத்தின் முன்பந்துக்கு, அதாவது விரல்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு, கீழே வரும் பகுதியில்தான் நடக்கும். பிளேடைப் பொருத்துவது பூட்டின் நீளத்துக்கு. பெரிய பூட்டில் சின்னப் பாதம் பின்தங்கி நிற்கும்போது, திரும்பும் புள்ளி பாதத்தின் முன்பந்தைத் தாண்டி முன்னால் போய்விடுகிறது. அவள் ஒரு இடத்தில் அழுத்துகிறாள், பிளேடு வேறொரு இடத்தில் திரும்பக் காத்திருக்கிறது.

பிளேடை இன்னும் கிட்டத்தில் காட்டியவர் கோவை கணபதிப் பகுதியில் கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். இரவலாகக் கிடைத்த ஒரு பழைய ஜோடியைச் சாணை பிடிக்கலாமா என்று கேட்கத்தான் போனேன். அவர் பிளேடைத் தலைகீழாகப் பிடித்து, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைக் குறுக்கே வைத்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "இங்க பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரியுதுங்களா? இது கத்தி இல்லீங்க. உள்ள பள்ளம் இருக்குது."

பார்த்தேன். ஸ்கேலுக்கும் இரும்புக்கும் நடுவே முடி போல ஒரு வெளிச்சம். பிளேடின் அடியில் நீளவாக்கில் ஓர் ஓடை வெட்டியிருக்கிறார்கள். அதன் வளைவு ஆரம் பொதுவாக அரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். கணக்குப் போட்டால் 4 மி.மீ. அகலத்தில் அந்தப் பள்ளத்தின் ஆழம் சுமார் 0.15 மி.மீ. நோட்டுப் புத்தகத்தின் தாள் ஒன்றிரண்டு கனம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பள்ளத்தால்தான் ஒரே பிளேடுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கூர் கிடைக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங் முழுக்கவே இந்த இரண்டில் எதன் மேல் சாய்கிறோம் என்ற விளையாட்டுதான்.

"சாதா கல்லுல வெச்சா பள்ளம் போயிருமுங்க," என்றார். "கல்லோட முகத்தையே, கல்லச் செதுக்குற டைமண்ட் டிரஸ்ஸர் வெச்சு வளைவாக்கிட்டு, பிளேட நீளவாக்குல ஓட்டோணும். ரெண்டு ஓரமும் ஒரே மட்டத்துக்கு வரோணும். பிளேட ஆடாம புடிச்சுக்கற ஜிக் எங்கிட்ட இல்லீங்க." முடியாது என்று சொன்னதற்கே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். தெரிந்த பட்டறையில் காட்டிக் கத்தி போலத் தீட்டி வாங்கிவந்தால் பிளேடு மொட்டை ஆகிவிடும். ஸ்கேட்டுக்கென்று சாணை பிடிக்கிற இடம்தான் வேண்டும்.

சரி, இத்தனை கூர் எதற்கு, ஐஸ்தான் வழுக்குமே என்று கேட்கலாம். அந்த வழுக்கலுக்கே பல காலம் தவறான விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிளேடின் அழுத்தத்தில் ஐஸ் உருகி நீராகிறது என்று நாம் பள்ளியில் படித்திருப்போம். கணக்கு ஒத்துவரவில்லை. 35 கிலோ பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறாள், தொடுகிற பரப்பு 4 செ.மீ. நீளம், 4 மி.மீ. அகலம் என்று வைத்தால் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 21 மடங்கு, அதாவது 21 வளிமண்டலம். ஐஸின் உருகுநிலை ஒரு டிகிரி குறைய சுமார் 130 வளிமண்டலம் வேண்டும். ஆக, குறைவது கால் டிகிரிகூட இல்லை. ஃபிகர் ஸ்கேட்டிங் தளத்து ஐஸோ பூஜ்யத்துக்கு 3, 4 டிகிரி கீழே இருக்கும். ஐஸின் மேற்பரப்பில் எப்போதும் நீர் போன்ற மெல்லிய ஒரு படலம் இருக்கிறது என்று விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1850-லேயே சொன்னார். உராய்வின் சூட்டில் கொஞ்சம் ஐஸ் உருகுகிறது என்பதை 1939-ல் போடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த இரண்டும் சேர்ந்த வழுக்கல்தான் முன்னே கொண்டுபோகிறது. பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்வது அந்த 0.15 மி.மீ. பள்ளத்தின் ஓரங்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். ஷூ நம்பரை மறந்துவிடுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க, ஐரோப்பிய எண்கள் மூன்றும் மூன்று மாதிரி. ஃபிகர் பூட் பல பிராண்டுகளில் தெருவில் போடும் ஷூவைவிட அரை முதல் ஒன்றரை சைஸ் சின்னதாக வரும். மி.மீ. ஒன்றுதான் பொய் சொல்லாது. சாயங்காலம் அளந்தோம். பகலெல்லாம் நின்று நடந்த பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுதான் வேண்டும். தரையில் தாளை வைத்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நிற்கச் சொல்லி, மிக நீளமான விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போட்டோம். வலது 231, இடது 228. உட்கார்ந்தபடி அளந்தால் சில மி.மீ. குறைவாக வரும். பாதத்தின் முன்பகுதி அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பகுதி அகலமாகவும் குதிகால் ஒடுங்கியும் இருக்கிற கால்களுக்கு, நீளம் சரியாக இருந்தும் பூட் ஒத்துவராமல் போவது உண்டு. அப்போது நீளத்தைக் கூட்டக்கூடாது, வேறு அகலம் தேட வேண்டும்.

பூட் கைக்கு வந்ததும் சாக்ஸ் மெல்லியதாக இருக்கட்டும். திருப்பூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் தடித்த பருத்திச் சாக்ஸ் இங்கே எதிரி. வியர்வையைக் குடித்து, நசுங்கி, பத்து நிமிடத்தில் அந்த ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். குளிருக்கும் அது உதவாது. ஈரமான சாக்ஸ்தான் காலைச் சில்லிட வைக்கிறது.

கயிறு கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல்கள் முன்னால் தொடும்வரை தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். இரண்டு விரல் தாராளமாகப் போனால் அது பெரிய பூட். அப்புறம் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து, விரல் பக்கம் இளக்கமாகவும், பாதம் கணுக்காலாக மடியும் இடத்தில் இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் மறுபடி சற்று இளக்கமாகவும் கட்ட வேண்டும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக உரசும். முட்டியை மடக்கினால் விலகும். குதிகால் எழும்பக்கூடாது. இருபது நிமிடம் போட்டிருந்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பாதம் முழுக்க லேசான சிவப்பு வந்து மறைந்தால் நல்லது. ஒரே புள்ளியில் கருஞ்சிவப்பு நின்றால் அந்த இடத்தில் பூட் குத்துகிறது. சில பூட்டுகளைச் சூடுபடுத்திக் காலுக்கு ஏற்ப வார்க்கலாம், ஆனால் அதற்கென்று செய்த மாடலுக்கு மட்டும், அதற்குச் சொன்ன சூட்டில் மட்டும். ஹேர் டிரையரைக் கையில் எடுத்த என்னை அக்கா தடுத்தாள், நல்லவேளை.

விறைப்பு விஷயத்தில் ஒரு சபலம் வரும். யாரோ ஒரு பெரிய வீராங்கனையின் பழைய பூட் சல்லிசாகக் கிடைக்கும். தாவிக் குதித்து இறங்கும்போது உடல் எடையின் பல மடங்கு விசை கணுக்காலில் விழுவதால், உயர்நிலை பூட்டுகளை மாவுக்கட்டு மாதிரி விறைப்பாகச் செய்கிறார்கள். 35 கிலோ பிள்ளையால் அதை மடக்கவே முடியாது. முட்டி மடங்காமல் ஸ்கேட்டிங் இல்லை. மறுபக்கம், பொம்மைக் கடைத் தரத்தில் வரும் மெத்தென்ற பூட் நாலு வாரத்தில் கணுக்காலில் மடிந்து தொங்கிவிடும். தொடக்கக்காரருக்கு என்று செய்த, நடுத்தர விறைப்புள்ள, பெயரெடுத்த பூட்டுதான் வேண்டும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைத்தால் சுங்கம், கூரியர் எல்லாம் சேர்ந்து நம் மாதிரிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பழையது வாங்குவதில் தவறே இல்லை. பிள்ளைகள் கால் வளர்ந்து பாதியில் விட்ட பூட்டுகள் நிறையவே கைமாறுகின்றன.

பழையதில் நான் முதலில் பார்ப்பது கணுக்கால் மடிப்பு. கயிறு கட்டாத பூட்டை மேசை மேல் வைத்தால் தானாகச் சாய்ந்து தொங்குகிறதா? அதை விட்டுவிடுங்கள். லேசான சுருக்கம் பரவாயில்லை. அடுத்து பிளேடின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பளபளக்கிற குரோம் பூச்சுக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, பூச்சில்லாத மங்கலான ஒரு பட்டை ஓடும். ஒவ்வொரு சாணைக்கும் அந்தப் பட்டை குறுகிக்கொண்டே போகும். குரோம் எட்டிவிட்டால் பிளேடின் ஆயுள் முடிந்தது. பிளேடின் முன்நுனியில் இருக்கும் பற்களில் கீழ்ப்பல்லை யாராவது ராவியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். குழந்தை தட்டி விழக்கூடாது என்று நல்ல மனசோடு செய்திருப்பார்கள், ஆனால் பிளேடின் சமநிலையே அதனால் கெட்டுவிடும். அடித்தோலில் திருகாணிகள் ஈரத்தில் இற்றுப்போய் ஆடுகின்றனவா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்தால் போதும்.

வளர்கிற காலுக்கு எவ்வளவுதான் விடலாம்? அரை சைஸ், அதாவது 4 மி.மீ. அதற்கு மேல் ஒரு மி.மீ. கூட வேண்டாம் என்பது என் கட்சி. அந்த அரை சைஸ் சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் பழையதை வாங்கி, பழையதாகவே விற்பது பாக்கெட்டுக்கு ஒத்துவருகிறது. அதுவரை வாடகை பூட் போதும் என்றால் அதிலும் மேலே சொன்ன ஒரு விரல் சோதனையைச் செய்துவிட்டே வாங்குங்கள்.

எங்களுக்கு 235 அளவில் ஒரு ஜோடி கிடைத்தது, ஒரு சீசன் ஓடியது, குரோமுக்கு இன்னும் நல்ல தூரம். அமுச்சியின் பனியன் வேஸ்ட் பொட்டலமும் பையில் இருக்கிறது. ஐஸை விட்டு வெளியே வந்ததும் பிளேடில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் விளிம்பில் துரு பிடிக்கும். துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது.