கட்டைவிரல் போட்டால் வருகிறேன் என்று அர்த்தமா?

போன மாதம் ஒரு தம்பதி ஆலோசனைக்கு வந்தார்கள். உட்கார்ந்ததுமே மனைவி போனை என் பக்கம் நீட்டினார். "இதைப் படிங்க மேடம்."

மாலை 4:10-க்கு அவர் அனுப்பியது: 'அம்மாவுக்கு நாளைக்கு ஸ்கேன். டாக்டர் பேசறதே பயமா இருக்கு. நீங்களும் கூட வர முடியுமா?' 4:11-க்குக் கணவரின் பதில்: ஒரு மஞ்சள் கட்டைவிரல் எமோஜி. அவ்வளவுதான்.

"வர்றேன்னு அர்த்தமா, பாத்துட்டேன்னு அர்த்தமா, நீயே போயிக்கோன்னு அர்த்தமா?"

கணவர் ஒரு குடோனில் சூப்பர்வைசர். "லோடு இறங்கிட்டு இருந்துச்சு மேடம். சரின்னுதான் போட்டேன். அப்பவே லீவும் சொல்லிட்டேன்." லீவு சொன்னது அவருக்குத் தெரியும். மனைவி கையில் இருந்தது அந்த விரல் மட்டும்தான். அன்று ராத்திரி அவர் தூங்கவே இல்லை.

இதற்கெல்லாமா கவுன்சலிங் என்று தோன்றலாம். நீதிமன்றம் வரைக்கும் போன விரல் இது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆளி விதை விற்பதற்கான ஒப்பந்தம் ஒரு விவசாயிக்குப் போனில் வந்தது. அவர் கட்டைவிரலைப் பதிலாகப் போட்டார், சரக்கை அனுப்பவில்லை. 'ஒப்பந்தம் கைக்கு வந்தது என்று மட்டும்தான் சொன்னேன்' என்பது அவர் வாதம். அது கையெழுத்துக்குச் சமம் என்று 2023-இல் தீர்ப்பானது. 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. அடுத்த ஆண்டே நம் மதுரையில், உயர் நீதிமன்றக் கிளை வேறொரு விரலைப் பார்த்தது. உயரதிகாரி ஒருவர் கொல்லப்பட்டதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திக்குக் கட்டைவிரல் போட்டதால் வேலை இழந்தவர், ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர். அது கொலையைக் கொண்டாடியது ஆகாது, செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கான அடையாளமே என்று சொல்லி, அவரைத் திரும்பப் பணியில் சேர்க்கும் உத்தரவை நீதிபதிகள் உறுதி செய்தார்கள். அங்கே கையெழுத்து, இங்கே 'பார்த்தேன்'. குடோனில் நின்று போட்ட விரலை அந்தப் பெண் எப்படி எடுத்துக்கொள்வார்?

எமோஜி என்ற பெயர் 'எமோஷன்' என்பதிலிருந்து வந்ததாகத்தான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. 1999-இல் டோகோமோ நிறுவனத்தின் ஐ-மோட் போன் சேவைக்காக ஷிகேடகா குரிதா 176 படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இடம் 12-க்கு 12 புள்ளிகள். இரண்டு வருடம் முன்பே ஜே-ஃபோன் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம் 90 படங்களோடு ஒரு போனை விற்றிருந்தது. குரிதாவின் படங்களில் முகங்கள் கொஞ்சம்தான். வெயில், மேகம், குடை, ரயில் என்று வானிலை அறிக்கையிலும் தெருப் பலகையிலும் பார்க்கிற சமாச்சாரங்களே அதிகம். மனநிலையைக் காட்ட மங்கா சித்திரக்கதைகளின் அடையாளங்களை எடுத்துக்கொண்டார். எழுத்துகளை எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி அடையாளம் காண வைக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட் 2010-இல் எமோஜிகளைச் சேர்த்துக்கொண்டதும் அவை எல்லா நாட்டுப் போன்களுக்கும் பரவின. படம் வந்தது, மங்கா வரவில்லை.

மூக்கோரம் ஒரு நீர்த்துளி தொங்கும் முகம் இருக்கிறதே, மங்காவில் அது ஆழ்ந்த தூக்கம். தூங்குபவன் மூக்கில் குமிழி கட்டும். நம் குடும்பக் குழுக்களில் அது துக்கச் செய்திக்குக் கீழே வரிசையாக வந்து நிற்கிறது. பெரியப்பா தவறிவிட்டார் என்றால் பத்துப் பேர் தூங்குகிறார்கள். மூக்கில் புகை விடும் முகத்துக்கு யூனிகோட் முதலில் வைத்த பெயர் வெற்றிப் பெருமிதம் என்ற பொருளில். நாம் அதைக் கோபத்துக்குப் போடுகிறோம். கூப்பிய கைகளை மட்டும் நாம் முழுசாகவே நம்முடையதாக்கிக்கொண்டோம். வணக்கம், நன்றி, ஆழ்ந்த இரங்கல், 'ஆளை விடு சாமி' என நான்குக்கும் அதே கும்பிடுதான்.

சரி, ஒரு சின்னப் படம் மனதை ஏன் இவ்வளவு உரசுகிறது? 1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், ஒரு முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து, சாய்ந்து கிடக்கும் சிரிப்பு முகத்தைப் பரிந்துரைத்தார். விளையாட்டாக எழுதியதை யாரும் நிஜமென்று எடுத்துச் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதே குறியைக் காட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். மனித முகத்தைக் கண்டதும், 170 மில்லி விநாடி வாக்கில் எழும் அலை இதற்கும் எழுந்தது. குறியைத் திருப்பி எழுதிக் காட்டியபோது அப்படி எழவில்லை. வெறும் நிறுத்தற்குறிகளை முகமாகப் பார்க்க மூளை பழகியே கற்றிருக்கிறது. முகம் என்று பட்டுவிட்டால் அப்புறம் அது நம்மோடு சேர்ந்து சிரிக்கிறதா, நம்மைக் கேலி செய்து சிரிக்கிறதா என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

போதாக்குறைக்குப் போனுக்குப் போன் முகமும் மாறும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-இல் பார்த்தபோது, கண்ணும் சிரிக்கப் பல் தெரியும் ஒரே எமோஜி மற்ற போன்களில் மகிழ்ச்சியாகப் பட்டது. அன்றைய ஐபோன் வடிவம் பலருக்குப் பல்லைக் கடிப்பது போலத் தெரிந்தது.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொரு வகை. என்னிடம் வரும் கல்லூரி மாணவன் ஒருவன், 'நல்லா இருக்கேன் மேடம்' என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகத்தை மூன்று தடவை போடுவான். ஒருநாள் அவன் செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அரியர் தேர்வு நெருங்க நெருங்க சிரிப்பு முகங்கள் கூடிக்கொண்டே போயிருந்தன. இப்போதெல்லாம் 'எப்படி இருக்கே?' என்று அவனைக் கேட்பதில்லை. 'ராத்திரி என்ன சாப்பிட்ட? எத்தனை மணிக்குப் படுத்த?' என்று கேட்கிறேன். அதற்கு அவன் எழுதித்தான் ஆக வேண்டும். பிள்ளைகளை வெளியூர் விடுதியில் விட்டிருக்கும் பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன்.

அந்தத் தம்பதிக்குப் பெரிய பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்விக்கு ஒரு வார்த்தையாவது டைப் பண்ணுங்கள் என்றேன். போன வாரம் மனைவி மறுபடியும் போனை நீட்டினார். 'வரேன்' என்று எழுதி, விடாமல் பக்கத்தில் அந்தக் கட்டைவிரலையும் போட்டிருந்தார் மனிதர்.