42-இல் 17 போக: எந்தப் பொருளை எடுப்பது?

தொடக்கப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தர உதவும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஆணிமணிச்சட்டம், எண்கோடு, பின்ன வட்டங்கள், பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகள் என்று அலமாரி நிறைய இருக்கும். (இருப்புப் பதிவேட்டுக்குப் பயந்து அலமாரியைப் பூட்டியே வைத்திருக்கும் பள்ளிகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.) ஆசிரியராக நான் பார்த்தவரை, குறை வேறொன்று: எந்தக் கணக்குக்கு எந்தப் பொருள் என்பதை எப்போதும் நாமே முடிவு செய்துவிடுகிறோம். "எல்லோரும் மணிச்சட்டத்தை எடுங்கள்" என்றால் எடுப்பார்கள். தேர்ந்தெடுக்க எப்போது பழகுவார்கள்?

42-இல் 17-ஐக் கழிக்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை புளியங்கொட்டையை எடுத்தால் 42 எண்ணி, 17-ஐத் தள்ளிவிட்டு, மீதியை எண்ணும். விடை 25 சரியாக வரும். ஆனால் பத்துகளும் ஒன்றுகளும் அதன் கண்ணில் படவே படா. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். அதே பிள்ளை குச்சிகளை எடுத்தால் நான்கு கட்டு, இரண்டு உதிரி. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாமல் கொஞ்சம் விழிக்கும். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி ஒரு கட்டைப் பிரிக்கும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. பாடநூல் சொல்லும் இனமாற்றம், அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது, அந்த நேரத்தில் அதன் கையிலேயே நடக்கிறது.

மணிச்சட்டம் இதற்கு அடுத்த படி. அதில் பத்துக்கும் ஒரு மணி, ஒன்றுக்கும் ஒரு மணி. எந்த ஆணியில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. கட்டைப் பிரித்துப் பழகாத பிள்ளையிடம் அதை முதலிலேயே நீட்டக் கூடாது.

இனி 42-இல் 39 போக என்று போடுங்கள். கட்டைப் பிரிப்பது வீண் வேலை. எண்கோட்டில் 39-இலிருந்து மூன்று தாவினால் முடிந்தது. இரண்டு கணக்கையும் அடுத்தடுத்துக் கொடுத்து, பொருள்களைப் பொதுவாக வைத்துவிட்டு, "உனக்கு எது வேண்டும்? ஏன்?" என்று கேளுங்கள். முதல் சில நாள் வண்ணம் பார்த்துத்தான் எடுப்பார்கள். அது போகட்டும்.

அளவுகோல் எளிது என்று நினைக்கிறோம். ஒரு பென்சிலை 3-க்கும் 9-க்கும் நடுவில் பொருத்திக் காட்டி நீளம் கேளுங்கள். 9 செ.மீ. என்பார்கள் சிலர், கோடுகளை எண்ணி 7 என்பார்கள் சிலர். 6 என்பவருக்குத்தான் அளப்பது இடைவெளியை என்று புரிந்திருக்கிறது. முனை உடைந்த அளவுகோலைத் தூக்கி எறியாதீர்கள். இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. வேப்பமரத்தின் சுற்றளவை அளக்கச் சொன்னால் அளவுகோலோடு ஓடுபவர்களை ஓட விடுங்கள். திரும்பி வந்து அவர்களே கயிறு கேட்பார்கள்.

விரலும் ஒரு பொருள்தான். மூன்றாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணும் பிள்ளையை அதட்டினால் மேசைக்கடியில் எண்ணும், அவ்வளவே. கையை மேலே வைக்கச் சொல்லி, 8-உம் 5-உம் கூட்டும்போது எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். 1-இலிருந்து தொடங்கினால், 8-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு ஐந்து விரல் மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.