தானாக நகரும் கர்சரும் தராசு காட்டும் மைனஸும்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் வாசகி எழுதியிருந்தார். அலுவலகத்துக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப், விசைப்பலகையில் ஜி, எச், பி எழுத்துகளுக்கு நடுவே ரப்பர் தொப்பி போட்ட ஒரு குமிழ் இருக்குமே, அந்த வகை. எக்செலில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கர்சர், யாரோ பிடித்து இழுப்பது மாதிரி மெதுவாக ஓர் ஓரத்துக்கு நகர்ந்து போகிறதாம், கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றும் விடுகிறதாம். பழுது பார்ப்பவர் வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை ஃபார்மட் செய்து காசு வாங்கிவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்கிறார். எதை நம்புவது என்று கேட்டிருந்தார்.

ஒரு பென்டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டுவைப் போட்டு, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்து பாருங்கள் என்று முதலில் எழுதினேன். அதிலும் கர்சர் நகர்ந்தது, ஆக விண்டோஸோ வைரஸோ காரணமில்லை. டச்பேடை அணைத்துப் பார்த்தார், அப்போதும் நகர்ந்தது. டச் ஸ்கிரீன் அந்த மாடலில் கிடையாது. மிச்சம் அந்தக் குமிழ்தான்.

அதை உருவாக்கியவர் டெட் செல்கர். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மவுஸைப் பிடிக்க முக்கால் விநாடி ஆகிறது என்று ஓர் ஆய்வில் படித்தவர், அந்த முக்கால் விநாடியை மிச்சப்படுத்தியே தீர்வது என்று ஐபிஎம்மில் ஜோசப் ரட்லெட்ஜுடன் சேர்ந்து உழைத்தார். 1992-இல் திங்க்பேட் 700சி-யில் அது வெளிவந்தது, பிறகு வேறு சில நிறுவனங்களும் தங்கள் அலுவலக லேப்டாப்களில் இதே போன்ற குமிழை வைத்தன.

வீடியோ கேம் குச்சி போல இது சாயும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாயவே சாயாது, அதுதான் இதன் அழகு. இது அளப்பது விரல் போன தூரத்தை இல்லை, விரல் தள்ளும் விசையை. குமிழின் அடியில் சின்னச் சின்ன மின்தடைகள் ஒட்டியோ அச்சிட்டோ இருக்கும். பள்ளியில் படித்ததுதான்: கம்பி நீண்டால் மின்தடை கூடும், தடித்தால் குறையும். ஒரு கம்பியை நூற்றில் ஒரு பங்கு இழுத்து நீட்டினால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு கிட்டத்தட்ட அதே அளவு குறையவும் செய்யும், நீளத்தால் ஒரு பங்கு, மெலிவால் ஒரு பங்கு என்று மின்தடை கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் ஏறும். குமிழை வலப்பக்கம் தள்ளினால் ஒரு பக்கத்து மின்தடை இழுபடும், எதிர்ப்பக்கத்தது அமுங்கும், அந்த வித்தியாசத்தை ப்ளஸ் டூ ஆய்வகத்தில் பார்த்த வீட்ஸ்டோன் சமனச்சுற்று பிடித்துக் கொடுக்கும். விசை கூடக் கூட கர்சர் வேகமாக ஓடும்.

இப்போது மளிகைக் கடைக்கு வாருங்கள். எண்ணெய் வாங்கப் பாத்திரம் கொண்டுபோனால் கடைக்காரர் காலிப் பாத்திரத்தை மின்னணுத் தராசில் வைத்து ‘டேர்’ பொத்தானை அழுத்துவார், தராசு பூஜ்யம் காட்டும். எண்ணெய் ஊற்றாமல் பாத்திரத்தை எடுத்துவிட்டால்? தட்டு காலி, ஆனால் தராசு மைனஸ் காட்டும். பாத்திரத்தோடு இருந்த எடையைத்தானே அது பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது!

அந்தத் தராசுக்குள் இருப்பதும் இதே இழுபடும் மின்தடைதான். லேப்டாப் குமிழில் செய்ததெல்லாம், டேர் பொத்தானை அழுத்தும் வேலையை ஒரு சிப்பிடம் கொடுத்ததுதான். ஏன் கொடுத்தார்கள் என்றால், லேப்டாப் சூடாகும்போது மின்தடைகள் எல்லாம் கொஞ்சம் மாறும், ஒரே அளவில் மாறாது, நேற்றைய பூஜ்யம் இன்றைக்குப் பூஜ்யமாக இருக்காது. அதனால் சிப் இப்படி முடிவெடுக்கிறது: விசை கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் ஒரே அளவில் இருந்தால், யாரும் தொடவில்லை, இதுதான் புதிய பூஜ்யம். நியாயமான யூகம், ஏனென்றால் மனித விரல் அவ்வளவு சீராக அழுத்தாது. ஆனால் ஆயிரம் வரி எக்செலில் கர்சரைக் கீழே நகர்த்திக்கொண்டே, விரலைக் குமிழில் ஒரே அழுத்தமாக வைத்திருந்தால்? சிப் ஏமாந்து அந்த அழுத்தத்தையே பூஜ்யம் என்று பதிந்துகொள்ளும். விரலை எடுத்ததும் பாத்திரம் எடுத்த தராசு போல மைனஸ், கர்சர் எதிர்த்திசையில் தானாக நகரும். சில விநாடிகள் யாரும் தொடாவிட்டால் சிப் மறுபடி பூஜ்யத்தைச் சரிசெய்துகொள்ளும், கர்சர் நிற்கும். வாசகி பார்த்தது இதைத்தான்! பதறிப்போய்க் குமிழைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் சிக்கல், சீரான விசை கிடைக்காமல் சிப் காத்துக்கொண்டே இருக்கும்.

இழுத்தால் மின்தடை மாறுகிறது என்று இயற்பியலாளர் கெல்வின் 1856-இலேயே அளந்து சொல்லிவிட்டார். அதை, பொருள்மேல் ஒட்டி அது எவ்வளவு இழுபடுகிறது என்று பார்க்கும் அளவியாக எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியே செய்தது 1938-இல். ரூஜ் வேலை பார்த்த அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடி, இதற்கு வணிகத்தில் பெரிய மதிப்பு இருக்காது என்று காப்புரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தது. இன்றைக்கு லாரி எடை மேடை முதல் மளிகைக் கடைத் தராசு வரை அதுதான். ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குப் பணத்தைக் குறைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 82 வருட இடைவெளிதான் ஞாபகம் வருகிறது. திருஷ்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காரணம் தெரியாத இடத்தில் அன்று திருஷ்டியைச் சொன்னோம், இன்று அதே இடத்தில் வைரஸ் என்கிறோம். இரண்டுமே கேட்பவரின் காசைத்தான் தின்கின்றன.

சரி, என்ன செய்யலாம். கர்சர் நகர்ந்தால் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். லேப்டாப் ஆன் ஆகும்போது குமிழில் விரல் வைக்காதீர்கள். ரப்பர் தொப்பி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், அது பக்கத்து எழுத்துப் பொத்தான்களில் உரசக்கூடாது. குமிழே தேவையில்லை என்றால் மவுஸ் அமைப்புகளிலோ, லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கிற பயாஸ் என்ற அடிப்படை அமைப்பிலோ அணைத்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு, டைப் செய்யும்போதெல்லாம் கர்சர் நகர்கிறது, விசைப்பலகை நடுவில் கொஞ்சம் மேடாகத் தெரிகிறது என்றால் விஷயம் வேறு. உள்ளே பேட்டரி உப்பி அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கலாம். லித்தியம் பேட்டரி உப்பினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மாற்றக் கொடுங்கள். நீங்களே அமுக்கியோ குத்தியோ பார்க்க வேண்டாம்.