கஞ்சி ஆறிவிட்டதா?

சென்ற மாசிப் பட்டத்தில் ஒரு விவசாயி கைநிறைய உளுந்துச் செடிகளுடன் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். “ரைசோபியம் கலந்துதான் விதைத்தேன். வேரில் முடிச்சைக் காணோம். பாக்கெட்டே போலி சார்” என்றார். ரைசோபியம் என்பது பயறு வகைச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா; பொடியாக விற்பார்கள். மீதிப் பொடியையும் கொண்டுவந்திருந்தார். காலாவதித் தேதி தாண்டவில்லை.

பொடியைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, இரண்டு சாயங்கள் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தேன். பச்சைச் சாயம் எல்லாப் பாக்டீரியாவுக்குள்ளும் நுழையும். சிவப்புச் சாயமான புரோப்பிடியம் அயோடைடு, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும்தான் புகும். பாக்டீரியாவோடு கலந்திருக்கும் லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) துகள்களும் மங்கலாக ஒளிர்ந்து கண்ணைக் குழப்பும், பொறுமை வேண்டும். பச்சைப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றும், மற்றதெல்லாம் சிவப்பு. போலி இல்லை, பாக்டீரியா இருந்தது. செத்துப்போயிருந்தது.

செல்சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அணிவகுத்து நிற்பதுதான் அது. எண்ணெயைப் போல நெகிழ்ந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடு ஏறினால் அளவுக்கு மீறி இளகி, உள்ளிருக்கும் உப்புகள் ஒழுகத் தொடங்கும். காய்ந்துபோனால் மூலக்கூறுகள் நெருங்கி இறுகிவிடும்; மறுபடி ஈரம் பட்டதும் ஓட்டை விழும். பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் தடித்த உறை கொண்ட வித்து (ஸ்போர்) உருவாக்கித் தப்பித்துக்கொள்ளும். ரைசோபியத்துக்கு அந்த வசதி கிடையாது.

பாக்கெட்டை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். தகரக் கொட்டகையில், யூரியா மூட்டையின் மேல். விதையில் எப்படிக் கலந்தீர்கள்? “அரிசிக் கஞ்சியில்தான். கை பொறுக்கிற சூடு.” நம் கை பொறுக்கும் சூட்டை அது பொறுக்காது; 28 முதல் 30 டிகிரிதான் அதற்கு உகந்தது. இந்தக் கஞ்சி விஷயத்தைப் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். “கஞ்சியில் கலக்கவும்” என்று எழுதுகிறவர்கள் “ஆறிய” என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் என்ன?

உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி இத்தகைய பொடியில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். அதன் பிறகு வெயிலில் நிற்கும் வேன், கடை வாசல், நம் கொட்டகை. ஆகவே வாங்கியதும் வீட்டுக்குள் நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையென்றால் 24 மணி நேரம் கழித்தே நுண்ணுயிர் நேர்த்தி. கலந்த விதையை அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். ரசாயன உரத்தோடு சேர்த்துத் தூவ வேண்டாம்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. பூக்கும் தருவாயில் ஒரு செடியை எடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது. அங்கேயும் ஒரு சவ்வுதான்: செடி தன் சவ்வாலேயே பாக்டீரியாவைப் பொதிந்து வைத்து உணவு ஊட்டுகிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

செடியைப் பிடுங்காதீர்கள், மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். அந்த விவசாயி எப்படி எடுத்துவந்தார் என்று நான் அன்று கேட்கவேயில்லை. கேட்டிருக்க வேண்டும்.