வாடகை வீட்டின் வருமானம் எங்கே கசிகிறது?

வாடகைக்கு விட முதல் வீடு வாங்குகிறவர்களில் பலர் மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, வீட்டு விலையால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். வீடு ஒரு நாள்கூடக் காலியாக நிற்காது, ஒரு குழாய்கூட ஒழுகாது என்றால்தான் அந்தக் கணக்கு சரி.

விலையோடு பதிவுச் செலவு, தரகு, குடிவைக்கும் முன் செய்த மராமத்து எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். வாடகையிலிருந்து சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு, காலி மாதங்கள் கழிய வேண்டும். விலை 100 பங்கு, வருட வாடகை 6 பங்கு என்று வையுங்கள். பார்வைக்கு 6 சதவீதம். வாங்கும்போது விலைக்கு மேல் ஆன செலவு 8 பங்கு, ஒரு மாதம் காலியானதில் அரைப் பங்கு, மற்றச் செலவு 1.2 பங்கு என்றால், கையில் மிஞ்சுவது 4.3. அதை 108ஆல் வகுத்தால் 4 சதவீதம்கூட முழுதாக வராது. கடனில் வாங்கியிருந்தால் இந்த 4.3ஐ வருடத் தவணைத் தொகையால் வகுத்துப் பாருங்கள். 1.25க்கு மேல் வந்தால் மூச்சுவிட இடமுண்டு. 1க்குக் கீழே வந்தால் ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் வருட வாடகையில் 8.3 சதவீதம் போய்விடுகிறது. ஒழுங்காக வாடகை தருபவரிடம் 5 சதவீத உயர்வுக்குப் பிடிவாதம் பிடித்து, அவர் காலி செய்து, அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனால், அந்த இழப்பை உயர்ந்த வாடகையால் ஈடுகட்ட 20 மாதம் வேண்டும். வெள்ளையடித்த கூலியும் தரகும் தனி. சந்தை வாடகையைவிடச் சற்றுக் குறைவாக வாங்கிக்கொண்டு நல்லவரைத் தக்கவைப்பதே லாபம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

புதிதாக வருகிறவரைப் பற்றி விசாரிக்கும்போது, இப்போதைய வீட்டு உரிமையாளரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சீக்கிரம் காலி செய்தால் போதும் என்று அவர் புகழ்ந்து பேசக்கூடும். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. அவரிடம் கேளுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுத்து, மின்சார, தண்ணீர் மீட்டர் அளவுகளையும் சாவிகளின் எண்ணிக்கையையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசலும் கறையும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். காலி செய்யும்போது வரும் சண்டைகள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றித்தான்.

வீட்டைத் தின்பது தண்ணீர். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளஷ் டேங்க். அதில் சில சொட்டு உணவு வண்ணம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் இருபது நிமிடம் காத்திருங்கள். கோப்பையில் வண்ணம் இறங்கினால் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றுவது சின்ன வேலை. விட்டுவிட்டால் இரவு பகலாகத் தண்ணீர் போகும்.

சுவரில் ஓதம் கண்டால் உடனே பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். அது எப்போது கூடுகிறது என்று சில நாள் கவனியுங்கள். மழையில் மட்டும் கூடினால் மொட்டைமாடியையோ வெளிச்சுவரையோ பாருங்கள். யாராவது குளித்த பிறகு கூடினால் குளியலறைத் தரையின் டைல்ஸ் இடுக்குகளையும் கழிவுநீர்க் குழாயையும் பாருங்கள். எந்நேரமும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய்தான் முதல் சந்தேகம். காரணத்தைச் சரிசெய்து, சுவரை நன்றாக உலரவிட்ட பிறகே பூச வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்டை உள்ளிருந்து வரும் உப்பு பூத்துத் தள்ளிவிடும்.

குடித்தனம் மாறும்போதெல்லாம், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பானின் (RCCB) சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே துண்டிக்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை யாரையும் குடிவைக்காதீர்கள். இதில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

முன்பணம் உங்கள் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். தனிக் கணக்கில் வையுங்கள். அதிலிருந்து பிடிக்கும்போது தேய்மானத்தையும் சேதத்தையும் பிரித்துப் பாருங்கள். வெயிலில் மங்கிய சுவர் தேய்மானம். உடைந்த கதவு சேதம். ஐந்து வருடம் வரவேண்டிய பெயிண்டைக் குடியிருந்தவர் மூன்றாவது வருட முடிவில் பாழாக்கியிருந்தால், புது பெயிண்டின் முழுச் செலவையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஐந்தில் இரண்டு பங்கு கேட்கலாம். அந்தக் கணக்கை ரசீதோடு எழுத்தில் கொடுங்கள்.