ஒரு 486-க்குள் மூன்று இயங்குதளம்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். மாமா கொடுத்த 486 (இன்டெலின் பழைய ப்ராசஸர் வகை) கணினி இன்னும் நன்றாக ஓடுகிறதாம். முதல் ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய இன்னொரு டிஸ்க்கில் டாஸ் 6.22. போதாததற்கு ஃப்ளாப்பியில் மினிக்ஸ் என்ற மூன்றாவது இயங்குதளம். "பயாஸில் (கணினியின் தொடக்க நிரலில்) ஏ, சி என்று இரண்டுதான் காட்டுகிறது. இரண்டாவது டிஸ்க்கிலிருந்து பூட் செய்யவே முடியாதா? ஒரே மெஷினில் ரெண்டு ஓ.எஸ். போட்டால் ஒன்றையொன்று கெடுத்துவிடும் என்கிறார் கடைக்காரர்."

கெடுக்காது. ஓடாத இயங்குதளம் என்பது தட்டின் மேல் கிடக்கும் காந்தப் பதிவு, அவ்வளவுதான். (விண்டோஸ் 95-ஐ நிறுவும்போது அது கேட்காமலே டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது பூட் நிரல் இருக்கும் துண்டை, மாற்றி எழுதும். அது வேறு கதை.) ஆயுத பூஜைக்கு மானிட்டரில் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கீபோர்டுக்குள் குங்குமம் போகாதவரை. ஆனால் "ரெண்டு ஓ.எஸ். ஆகாது" என்பதைத் தொழில்நுட்பம் போலச் சொல்வதுதான் உறுத்துகிறது.

இப்படிப்பட்ட பழைய கணினியில் பவர் போட்டதும் நடப்பது பலருக்கும் தெரிந்ததே. ப்ராசஸர் தன் முகவரி எல்லையின் உச்சிக்கு 16 பைட் கீழே இருந்து படிக்கத் தொடங்கும். அங்கே இருப்பது பயாஸ். அது மெமரியைச் சோதித்து, டிஸ்க்குகளை எண்ணிவிட்டு, முதல் டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை, மெமரியில் 31,744 என்ற முகவரியில் கொண்டுவந்து போடும். கடைசி இரண்டு பைட் 85, 170 என்று இருந்தால் அங்கே தாவிவிடும். அப்புறம் பயாஸ் தானாக எதிலும் தலையிடாது. கூப்பிட்டால் வேலை செய்யும். எந்த டிஸ்க்கிலிருந்து எடுத்தது என்பதை மட்டும் ஒரு ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) எழுதி வைக்கும்: ஃப்ளாப்பிக்கு 0, முதல் ஹார்ட் டிஸ்க்குக்கு 128, இரண்டாவதற்கு 129.

லினக்ஸா டாஸா என்பது பயாஸுக்குத் தெரியவே தெரியாது. மினிக்ஸ் ஃப்ளாப்பியைச் செருகி, பயாஸின் பூட் வரிசையில் ஏ, அதாவது ஃப்ளாப்பி, முதலில் இருந்தால் சரி, மினிக்ஸ் வந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரில் 446 பைட் நிரல், 64 பைட் பகுதி அட்டவணை (டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்), 2 பைட் முத்திரை. 1983-இல் பிசி டாஸ் 2.0 வந்ததிலிருந்து இதே அமைப்புதான். இந்த நிரலின் வேலை, அட்டவணையில் எந்தப் பகுதி செயலில் இருக்கிறதோ அதன் முதல் செக்டாரை ஏற்றுவது. சிக்கல் இங்கேதான். அந்த செக்டாரும் 31,744-இல்தான் உட்காருவேன் என்கிறது, ஏனென்றால் பயாஸே தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து எழுதப்பட்டது அது. அந்த இடத்தில் ஏற்கெனவே நம் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதே!

எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. விருந்தாளிக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்துத் திண்ணைக்குப் போகிற வீட்டுக்காரர் போல, நிரல் தன்னைத் தானே 1,536 என்ற முகவரிக்கு நகலெடுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு தாவல். எங்கே? நகலுக்குள், அடுத்து செய்யவேண்டிய கட்டளை இருக்கிற இடத்துக்கு. ஒரு கணம் மெமரியில் அச்சு அசலாக இரண்டு பிரதிகள். ப்ராசஸர் எதைப் படிக்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. அப்புறம் பழைய இடத்தின் மேல் புதிய செக்டார் வந்து விழுகிறது.

லைலோ, க்ரப் போன்ற பூட் மேனேஜர்கள் (எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று தேர்வுசெய்ய விடும் நிரல்கள்) இதையே இன்னும் கொஞ்சம் நீட்டுகின்றன. 128-இலிருந்து படிப்பதற்குப் பதில் 129-இலிருந்து படி என்று பயாஸிடம் கேட்டால் இரண்டாவது டிஸ்க் வந்துவிடும். ஆனால் டாஸ் விடாது. அதன் பகுதியின் முதல் செக்டாரான பூட் செக்டாருக்குள்ளேயே 128 என்று எழுதியிருக்கும். அது நேராக முதல் டிஸ்க்கைப் போய்த் துழாவும்.

எனவே ஒரு பொய் தேவைப்படுகிறது. டாஸ் டிஸ்க்கைத் தொட, பதினாறடிமானத்தில் 13 என்று எழுதப்படும் இன்டரப்ட்டைக் (பயாஸின் சேவையை அழைக்கும் வழி) கூப்பிடும். அதன் முகவரி மெமரியின் அடிமட்டத்தில் வெறும் 4 பைட். பூட் மேனேஜர் அந்த 4 பைட்டை மாற்றி, இடையில் ஒரு குட்டி நிரலை உட்காரவைக்கிறது. 128 என்று கேட்டால் 129-ஐக் கொடுக்கும், 129 என்றால் 128-ஐ. அந்தக் குட்டி நிரல், டாஸ் பயன்படுத்தும் 640 கேபி மெமரியின் உச்சியில் பதுங்கும். டாஸ் மேலே எழுதிவிடாமல் இருக்க, மொத்த மெமரி கணக்கிலும் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடும். லினக்ஸை இப்படி ஏமாற்ற முடியாது. ஓடத் தொடங்கியபின் அது பயாஸைக் கேட்காமல் வன்பொருளோடு நேரடியாகப் பேசுகிறது.

1986-இல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெயின் வைரஸ் செய்ததும் இதே வித்தைதான்: உச்சியில் பதுங்கல், மெமரியைக் குறைத்துக் காட்டல், பூட் செக்டாரைப் படிக்கக் கேட்டால் பழைய அசலை நீட்டல். இதையெல்லாம் மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்க, கல்லூரிக்கு நான்கு பழைய கணினி போதும். புது ஆய்வகங்களுக்குக் கோடிகளை ஒதுக்குகிறோம். பழைய மெஷினை எடைக்குப் போடுகிறோம். எனக்கு இது ஊதாரித்தனமாகவே படுகிறது.

வாசகர் செய்யவேண்டியது: லைலோ அமைப்புக் கோப்பில் டாஸ் பகுதிக்குக் கீழே மேப்-டிரைவ் வரிகளைச் சேருங்கள். 128-ஐ 129 ஆக, 129-ஐ 128 ஆக. இரண்டு திசையும் வேண்டும். பிறகு லைலோ கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மாற்றம் செக்டாருக்குப் போகாது. அதற்கு முன் இரண்டு டிஸ்க்கின் முதல் செக்டாரையும் ஒரு ஃப்ளாப்பியில் நகலெடுத்து, எது எந்த டிஸ்க்குடையது என்று மேலே எழுதி வையுங்கள்.