15 வருஷம் ஆன வண்டி: ஆர்.சி.யைப் புதுப்பிப்பதா, புதுசு வாங்குவதா?

சொந்தக் காரோ பைக்கோ, 15 வருஷம் முடிந்தால் உடைத்தே ஆக வேண்டும் என்று நம்ம ஊரில் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விதி தமிழ்நாட்டில் கிடையாது. இந்தப் பயத்திலேயே நன்றாக ஓடுகிற வண்டியைப் பதினாலாவது வருஷத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கமிஷனுக்கு வாங்கி விற்கிறவர்களும் "இன்னும் ஒரு வருஷம் போனா சல்லிக்காசு தேறாது சார்" என்று சொல்லியே விலையைக் குறைக்கிறார்கள். ஆகவே முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 41-ஆவது பிரிவுப்படி, வாடகைக்கு ஓடாத வண்டியின் பதிவுச் சான்று, அதாவது நாம் ஆர்.சி. புக் என்று சொல்வது, 15 ஆண்டுக்குச் செல்லும். அது முடிந்ததும், வண்டி தகுதியான நிலையில் இருந்தால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். அப்புறம் இன்னொரு ஐந்து ஆண்டு. இத்தனை தடவைதான் என்று சட்டம் எல்லை வைக்கவில்லை. 25 வருஷம் தாண்டிய வண்டிகள் முறையான ஆர்.சி.யோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு டெல்லியிலிருந்து. காற்று மாசு காரணமாக அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் பெட்ரோல், டீசலே ஊற்றக் கூடாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.4 என்ற புகை அளவுத் தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. இதெல்லாம் டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்துக்கும் உரியது. டிவியில் பார்த்துவிட்டு சேலத்திலும் திருநெல்வேலியிலும் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, அரசு வண்டிகள். மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சி, அரசுப் போக்குவரத்துக் கழகம் இவற்றின் வண்டிகளுக்கு 15 ஆண்டுக்குப் பிறகு பதிவு புதுப்பிக்கப்படாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஜீப்பும் பஸ்ஸும் ஏலத்துக்குப் போவதைப் பார்த்து, நமக்கும் அதே கதிதான் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். 2021-இல் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையோ தனியார் வண்டிக்கு முழுக்க விருப்பத்தின் பேரில்தான்.

புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?

15 வருஷம் தாண்டிய வண்டிக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் கணிசமாகக் கூடியது. பைக்குக்கு 300 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. காருக்கு 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு எனத் தனிக் கட்டணம் வந்தது: பைக்குக்கு 2,000, காருக்கு 10,000. இறக்குமதி வண்டி என்றால் பைக்குக்கு 20,000, காருக்கு 80,000. இது தவிர தமிழ்நாட்டில் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துப் பசுமை வரி கட்ட வேண்டும். வாங்கும்போது கட்டிய லைஃப் டாக்ஸை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிவாகன் இணையதளத்தில் படிவம் 25-ஐ நிரப்பிப் பணம் கட்டிவிட்டு, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, அசல் ஆர்.சி. இவற்றோடு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப்போக வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர், நம்ம பேச்சு வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியை நேரில் பார்ப்பார். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்பது முக்கியம். பழைய வண்டியில் அந்த எண்மேல் துருவும் பெயின்ட்டும் ஏறிப் படிக்கவே முடியாமல் இருக்கும். முந்தைய நாளே மெக்கானிக்கிடம் விட்டு அந்த இடத்தைத் துடைத்து, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக், டயர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வண்டியின் நிறத்தை மாற்றியிருந்து அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

தேதி தாண்டினால் மத்திய விதிப்படி பைக்குக்கு மாதம் 300 ரூபாயும் மற்ற வண்டிகளுக்கு 500 ரூபாயும் கூடுதலாக ஏறிக்கொண்டே போகும். அதைவிட எனக்குப் பெரிய கவலை இன்சூரன்ஸ். பதிவு முடிந்த வண்டி விபத்தில் சிக்கினால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முழு வாய்ப்பு உண்டு. தற்காலிகப் பதிவு முடிந்த வண்டிகள் தொடர்பாக 2014-இலும் 2021-இலும் வந்த வழக்குகளில், பதிவு இல்லாமல் ஓட்டுவது பாலிசியின் அடிப்படையையே மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே ஆர்.சி. தேதியை மறந்துவிடுகிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

வாடகை வண்டிகளின் கதை வேறு. டாக்ஸி, ஆட்டோ, லாரிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, வாங்க வேண்டும். வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறும்.

சரி, கணக்கைப் போடுவோம்

ஒரு சின்னப் பெட்ரோல் கார், 2010 மாடல், 1,200 சிசி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 7,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது. புதிய கார் 19 தரும் என்றால் வருஷத்துக்கு சுமார் 130 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 13,000 ரூபாய் சொச்சம். பழைய காரின் ரிப்பேருக்குத் தாராளமாக 40,000 ஒதுக்குங்கள். ஆர்.சி. புதுப்பிப்பைப் பிரித்துப் போட்டால் வருஷத்துக்கு ஆயிரம். ஆக, பழைய காரை வைத்திருப்பதால் கூடுதலாகப் போவது 54,000.

புதிய கார் 6 லட்சம் ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல விஷயம்தான். ஆனால் தமிழ்நாட்டின் லைஃப் டாக்ஸ் 2023 நவம்பரில் உயர்ந்துவிட்டது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. நம்ம 6 லட்சத்துக்கு 78,000 ரூபாய். 5 லட்சம் கடனை 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு எடுத்தால் மாதம் 10,500 ரூபாய் தவணை, வட்டி மட்டும் 1.30 லட்சம். ஐந்து வருஷத்தில் வண்டி மதிப்பு பாதியாகிவிடும். அதில் 3 லட்சம் போயிற்று. மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டுகிறது, அதாவது வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். முழு இன்சூரன்ஸ் இதில் சேரவில்லை. பழைய காருக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்டால் 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

குறைவாக ஓட்டுகிறவருக்குப் பணக் கணக்கில் பழைய வண்டிதான் ஜெயிக்கிறது, தெளிவாகவே ஜெயிக்கிறது. வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் வித்தியாசமே 37,000 ரூபாயைத் தாண்டும், ரிப்பேரும் கூடும். அப்போது இரண்டும் நெருங்கி வந்துவிடும்.

ஆனால் பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க நான் சொல்ல மாட்டேன். கார்களில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.-உம் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் கட்டாயமானது 2019-இல்தான். முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில். 2010 காலத்துச் சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் இவை இரண்டுமே இருக்காது. கடைத்தெருவுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் போய்வர அந்தக் கார் போதும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மாதாமாதம் சென்னையிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் போகிற குடும்பம் என்றால், முடிந்தால் மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் 2019-க்குப் பிறகு வந்த செகண்ட்ஹேண்ட் கார் நல்ல நடுவழி.

அடுத்தது துரு. கடலோர ஊர்களில் இது தலையாய பிரச்சினை. லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாக்கி கொடுக்கும் இடத்தை ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறதா? கால்வைக்கும் இடத்து மிதியடியைத் தூக்கினால் தகரம் ஓட்டையாக இருக்கிறதா? பானெட்டைத் திறந்து, சஸ்பென்ஷன் மேலே வந்து பொருந்தும் இடத்தைச் சுற்றி வெடிப்பு தெரிகிறதா? கதவில் துரு என்றால் டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம். இந்த இடங்களில் அரித்திருந்தால் என்ன செலவு செய்தாலும் வீண், விட்டுவிடுங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்பத் தயாரான வண்டிகள் 2023-க்குப் பிறகு வந்தவை. பழையதை வைத்திருப்பவர்கள் பெட்ரோல் டியூப், ரப்பர் வாஷர்களை சர்வீஸின்போது தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

உடைக்கக் கொடுப்பதென்றால்

காயலான் கடையில் எடை போட்டு விற்றுவிட்டு வந்துவிடாதீர்கள். பதிவை ரத்து செய்யாதவரை அந்த வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கும். நம்பர் பிளேட்டையும் சேஸிஸ் எண்ணையும் வேறு வண்டிக்கு மாற்றி யாராவது தப்புக் காரியம் செய்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதிவு பெற்ற அழிப்பு நிலையத்தில் கொடுத்தால், வண்டி திருட்டு வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு எடுத்துக்கொள்வார்கள். வண்டிக்கான தொகையோடு ஒப்படைப்புச் சான்றிதழும் தருவார்கள்.

அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. அடுத்து வாங்கும் வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையும், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையும் மாநிலங்கள் தள்ளுபடி தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. "வரை" என்பதைக் கவனியுங்கள். விகிதத்தை முடிவு செய்வது மாநில அரசு. நம்ம 6 லட்ச ரூபாய் காரில் உச்சபட்சம் 25 சதவீதமே கிடைத்தாலும் அது 19,500 ரூபாய். அதனால் ஓடுகிற நிலையில் உள்ள காரை இந்தச் சலுகைக்காக உடைக்கக் கொடுப்பது பெரும்பாலும் நட்டம்தான், ஆர்.சி.யைப் புதுப்பித்து விற்றால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஓடாமல் வாசலில் நிற்கும் வண்டிக்கே இது சரியான வழி. சான்றிதழ் உங்களுக்குத் தேவையில்லை என்றால் வேறொருவருக்கு மாற்றித் தரவும் இடமுண்டு.

புதுசுக்குப் பதிலாகச் செகண்ட்ஹேண்ட் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெல்லிப் பதிவெண்ணோடு எட்டு, ஒன்பது வயது டீசல் கார்கள் இங்கே மலிவாக வரும். அங்கே ஓட்ட முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் விற்பதால்தான் அந்த விலை. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப லைஃப் டாக்ஸ் கட்டி, புதிய எண் வாங்கிய பிறகுதான் உண்மையான விலை தெரியும். பேரம் பேசும்போதே அந்த வரியை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பழையதை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அது மாறும்வரை வாங்கியவரின் ஆதார் நகலையும் பணம் பெற்ற ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.